செலவுக் கணக்கில் ஒரு கோழி

1

நான் கப்பலை விட்டு இறங்கி இந்த மாதத்தோடு பத்து வருஷம் ஆகிறது. இங்கே இதற்கெல்லாம் கேக் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு வெட்டியது வெங்காயம்தான். சாம்பாருக்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுச் சொந்தக்காரரின் மகன் மாடியேறி வந்து, அப்பா வீட்டை விற்கப் போகிறார், மூன்று மாதத்தில் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். வெங்காயம் நறுக்கும்போது சொன்னது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. கண்ணீருக்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. இந்த வீடு இல்லாவிட்டால் அடுத்த தெருவில் ஒரு வீடு. இங்கே, இங்கிலாந்தில், எங்களைப் போன்றவர்களுக்கு அப்படியில்லை. அறை வாடகைக்கு உண்டு என்று ஜன்னலில் அட்டை தொங்கும். நாங்கள் கதவைத் தட்டினால், இப்போதுதான் ஒருவர் பேசி முடித்தார் என்பார்கள். நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் அட்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு அறை கிடைக்கவே எட்டு மாதம் அலைந்தோம்.

என் வீட்டுக்காரர் பழனிக்காரர். அடிவாரத்தில் யாத்ரீகர்களுக்குச் சாமான் விற்ற குடும்பம். இப்போது இங்கே ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா. அன்று அவர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "இனி ஒருத்தன் வாசல்ல போய் நம்ம நிக்கிறதா இல்ல. சின்னதோ பெருசோ, ஒரு வீட்ட வாங்கிருவோம்."

வாங்குவதென்றால் அடமானக் கடன். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதை எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று. என்னோடு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி ஒரு நாள் எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். மார்ட்கேஜ் கிடைத்துவிட்டது என்றாள். நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நம் ஊரில் அடமானம் என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். இவர்கள் அதை வாங்குவதற்கு நல்ல கோட்டு போட்டுக்கொண்டு போகிறார்கள்.

நாங்களும் போட்டுக்கொண்டுதான் போனோம். வீட்டுக்கடன் சங்கத்தின் மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், வழுக்கை, விரல்களில் மைக்கறை. மரியாதையாக உட்கார வைத்தார். என் வீட்டுக்காரரின் சம்பளத்தை எழுதிக்கொண்டார். என் சம்பளத்தைக் கேட்டார், சொன்னேன், எழுதவில்லை. மனைவிமார் எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டுவிடலாம், இன்னொரு குழந்தை பிறக்கலாம், அதனால் அதைச் சேர்ப்பதில்லை என்றார். பிறகு நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார். குடும்பம் மாதாமாதம் எதற்கெல்லாம் செலவு செய்கிறது என்று அதில் எழுதி, வீட்டிலிருக்கும் காகிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நிலக்கரி, காஸ், மளிகை, இறைச்சி, பஸ், சிகரெட், குழந்தையின் காலணி, தவணையில் வாங்கிய சாமான். பெண்களின் துணிமணி, பெண்களின் முடி அலங்காரம் என்று எனக்காகவே இரண்டு கட்டம் இருந்தது. வரவுப் பக்கத்தில் நான் இல்லை, செலவுப் பக்கத்தில் மட்டும் இருக்கிறேன். நல்ல நியாயம்!

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு மனுஷர் நினைவுக்கு வந்தார். கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான கூக்காலில், வீட்டு அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு தன் ஆபீசில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இதே கேள்விகளைக் கேட்டவர் அவர்.

2

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. படிப்படியாக இறங்கும் ஆறு துண்டு நிலம் எங்களுக்கு. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுவோம். இரண்டு வருஷம் அடுத்தடுத்து உறைபனி விழுந்து கிழங்குச் செடி கருகியதில், அப்பா அந்த ஆறு துண்டையும் வத்தலக்குண்டுப் பூண்டு மண்டிக்காரர் ஒருவரிடம் அடமானம் வைத்திருந்தார். தை பிறப்பதற்குள் பணத்தைக் கட்டாவிட்டால் நிலம் அவருக்கே சொந்தம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தது.

வத்தலக்குண்டில் அப்போது நில அடமான பாங்கு ஒன்று இருந்தது. மண்டிக்காரரின் கடனை அடைக்கப் பணம் கொடுத்து, நிலத்தைத் தன் பேரில் அடமானம் வாங்கிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தவணையாகக் கட்டச் சொல்லும். அப்பா மனுப் போட்டார். நிலத்தையும் குடும்பத்தையும் பார்க்க சூப்பர்வைசர் வருகிறார் என்று கார்டு வந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீசர் யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் ஊருக்கே விருந்தாளி. அந்த வீட்டில் இல்லாததை மற்ற வீடுகள் கொடுக்க வேண்டும். நாங்கள் சாப்பிட்டதெல்லாம் சாமையும் கேழ்வரகும். அரிசி கீழிருந்து வர வேண்டும், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வாங்குவோம். ஆனால் அன்றைக்கு மணியக்காரர் வீட்டிலிருந்து அரிசி வந்தது. மேலவீட்டுப் பெரியம்மா கோழியைப் பிடித்துக் காலைக் கட்டிக் கொடுத்தனுப்பினாள். நெய் ஒரு வீடு, முட்டை ஒரு வீடு. பித்தளைத் தட்டு, லோட்டா, சொம்பு எல்லாம் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா வெள்ளனே எழுந்து வீட்டை மெழுகினாள். "ஏ புள்ள, ஊர் மானத்தக் காப்பாத்து. அவரு கேட்டா பதவிசாப் பதில் சொல்லு" என்றாள் என்னிடம்.

சூப்பர்வைசர் பூம்பாறையிலிருந்து மட்டக்குதிரையில் வந்தார். ஒல்லியான ஆள், கழுத்துவரை கம்பளிக் கோட்டு. நிலத்தைக் காலடி வைத்து அளந்தார், மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, நெய்யையும் ஊற்றினாள். அவர் எங்கள் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் விதைப்பூண்டுக் கட்டுகளைப் பார்த்தார். மூலையில் இருந்த பானைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம் பாப்பா, தெனமும் இப்படித்தான் சாப்பாடா?"

பெருமையில் எனக்குக் காது சுட்டது. "ஆமாங்க. தெனமும் நெல்லுச் சோறுதாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ கோழிங்க" என்றேன். அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அப்பா வெற்றிலைத் தட்டை நகர்த்தினார். சூப்பர்வைசர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, குதிரையேறிப் போனார். ஊரே எங்கள் வீட்டைப் பாராட்டியது.

3

நான் ஏன் இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், பதினேழு வருஷம் கழித்தும் எனக்குப் புத்தி வரவில்லை. சனிக்கிழமைக்கு முந்தின நாள் நாங்கள் இருவரும் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் மகள் சுமதிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பேர் சூ. அம்மா என்று கூப்பிட்டவள் ஒரு நாள் மம்மி ஆக்கினாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். இட்லியை முட்கரண்டியால் குத்தித்தான் சாப்பிடுவாள். சில நாள் அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன்.

எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று. கடைசியில் "மற்ற நிரந்தரச் செலவு" என்று ஒரு கட்டம். மாதம் நாலு பவுண்டு நான் ஊருக்கு அனுப்புகிறேன். வந்த முதல் மாதத்திலிருந்து அனுப்புகிறேன். பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது.

"அத எதுக்கு எழுதுற?" என்றார் என் வீட்டுக்காரர். "அது என்ன செலவா? தபாலாபீசுல குடுக்குற, அவ்வளவுதான. எழுதுனா கடன்ல நூறு எரநூறு கொறச்சிருவான். கேட்டாச் சொல்லிக்கலாம்."

"கேக்கத்தான தாள் குடுத்திருக்காரு?"

"கடையில சரக்கப் பத்திக் கேட்டாத்தான் சொல்லணும். கேக்குறதுக்கு முன்னால சொல்றவன் யாவாரியே இல்ல."

எனக்கும் அவர் சொல்வது சரியென்றுதான் பட்டது. அம்மாவுக்கு அனுப்புவதைச் செலவு என்று எழுத எனக்கும் கை வரவில்லை. நம்மில் யாருக்குத்தான் வரும்? கட்டத்தில் ஒரு கோடு போட்டு மூடினேன்.

4

அன்று கூக்காலுக்குப் பாங்கிலிருந்து கடிதம் வந்தபோது எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். முற்றத்தில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டு படித்தேன். நிலத்தின் விஸ்தீரணம், மகசூல் எல்லாம் சரியாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு வரி: "தினசரி அரிசிச் சாப்பாடும் வாரம் இருமுறை மாமிசமும் உண்பதாகக் குடும்பத்தாரே கூறியபடியால், செலவு போக மிஞ்சுவது தவணைக்குப் போதாது." அந்த வரியை நான் படிக்கவில்லை. அதைத் தாண்டி, ஆகையால் மனு நிராகரிக்கப்பட்டது என்பதற்குப் போய்விட்டேன்.

"நடுவுல எதையோ முழுங்குறியே" என்றாள் அம்மா.

நான் படித்தேன். படித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். நிலம் போனது என்னால்தான் என்று தெரிந்துவிட்டது. அப்பா எழுந்து வெளியே போய் ஏரிப் பக்கம் பார்த்து நின்றார். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ வாயால சொன்ன. நான் தட்டுல போட்டுச் சொன்னேன். யாரு பொய்யி பெருசு? அழாத, எந்திரி. நாளைக்கு வெள்ளனே கெளம்பணும்."

பூம்பாறை வரை நடந்து, அங்கிருந்து கிழங்கு லாரியில் கொடைக்கானல் போய், பஸ் பிடித்து, செண்பகனூர் தாண்டி மலையிறங்கி வத்தலக்குண்டு சேர்ந்தபோது மத்தியானம். அப்பா மண்டிக்காரர் கண்ணில் பட்டுவிடக்கூடாதென்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். அம்மா தலையில் ஒரு மூட்டை. அதில் என்ன இருக்கிறதென்று எங்களிடம் சொல்லவில்லை.

ஆபீசில் அதே சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். அம்மா மூட்டையை அவர் மேஜை மேல் வைத்து அவிழ்த்தாள். ஒரு படி உப்பு. ஒரு கை மிளகாய். புளி உருண்டை. காகிதத்தால் அடைத்த பாட்டிலில் பாதி மண்ணெண்ணெய். கருப்பட்டி இரண்டு. தீப்பெட்டி இரண்டு. வாழைச்சருகில் மடித்த புகையிலை.

"மாசத்துக்கு நாங்க காசு குடுத்து வாங்குறது இம்புட்டுத்தாங்க" என்றாள். "அன்னைக்குப் போட்டது எங்க சோறு இல்லீங்க. ஊர்ச் சோறு."

சுற்றியிருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும் தாயி. தட்டுல ஒரு பேரு வெட்டியிருக்கு, லோட்டாவுல ஒரு பேரு, சொம்புல ஒரு பேரு. ஒரு வீட்டுப் பாத்திரத்துல அஞ்சு வீட்டுப் பேரு இருக்குமா? மூலையில அரிசிப் பானையே இல்ல. எனக்கு அப்பவே சந்தேகந்தான். ஆனா வீட்டுக்காரங்க வாயால சொன்னத மாத்தி எழுத எனக்கு அதிகாரம் கெடையாது. இப்ப நீங்களே சொல்றீங்க, எழுதிக்கிறேன். உக்காருங்க."

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடுகிறது. எத்தனை தாள், எத்தனை கட்டம் போட்டாலும் அப்படிக் கேட்க வராது. அரைப் பாட்டில் மண்ணெண்ணெய் மாதம் முழுக்க வருமா என்றார். அடுப்பு வெளிச்சத்திலேயே சாப்பிட்டு வெரசா படுத்துவிடுவோம் என்றாள் அம்மா. "அப்ப இந்தப் புள்ள எந்த வெளிச்சத்துல படிக்குது?" என்றார். "அதுக்குத்தாங்க அந்த அரைப் பாட்டிலே" என்றாள். அவர் நோட்டுப் புத்தகம், பென்சில் என்று ஒரு வரி எழுதிக்கொண்டார். புகையிலை வீட்டுக்காரருக்கு மட்டும்தானா என்றார். "எனக்கும் ஒரு கிள்ளுங்க" என்று அம்மா வெட்கப்பட்டாள். அதையும் எழுதினார். காய்ச்சல் வந்தால் எங்கே போவீர்கள், களை எடுக்கக் கூலி உண்டா, முருகனுக்கு நேர்ச்சை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். எதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. இது வேண்டாத செலவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் பேனாவை மூடப்போனவர் நிமிர்ந்து கேட்டார்: "அந்தக் கோழி யாருது?"

"மேலவீட்டு அக்காளுதுங்க."

"அத என்னைக்குத் திருப்பிக் குடுப்பீங்க?"

அம்மா விழித்தாள். "அது கணக்குல வராதுங்களே. அவுக வீட்டுக்கு ஒரு ஆபீசரு வந்தா, ஒரு விசேசம் வந்தா..."

"வரும்ல? அரிசி குடுத்த வீடு, நெய் குடுத்த வீடு, எல்லாருக்கும் வரும்ல? அப்ப குடுக்காம இருந்துருவீங்களா?"

"எப்படிங்க இருக்க முடியும்? ஊருக்குள்ள தலகாட்ட வேணாமா?"

"அப்பன்னா அது செலவுதான தாயி. உப்புப் புளியக் கூட கொறைக்கலாம், இதக் கொறைக்க முடியாது." அவர் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். "ஊருக்குத் திருப்பிச் செய்வது" என்று அழகான கையெழுத்தில் இருந்தது, எதிரே ஒரு தொகை.

கூட்டிப் பார்த்தார். பத்து வருஷத் தவணைக்கு மிச்சம் போதவில்லை. அந்த ஒரு வரியால்தான் போதவில்லை. அப்பா முகம் செத்துவிட்டது. ஆனால் சூப்பர்வைசர் அந்த வரியை அடிக்கவில்லை. இன்னொரு முறை வகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருபது வருசமாப் போட்டா தவணை சின்னதாயிரும். வட்டி கூடத்தான் ஆகும். ரொம்ப நாளு உங்க தலையில கெடக்கும், அதான் யோசிக்கிறேன்."

"கெடக்கட்டுங்க" என்றாள் அம்மா. "நெலமும் கெடக்கும்ல."

தை பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு மண்டிக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. பங்குனியில் சூப்பர்வைசர் நிலத்தைத் திரும்பப் பார்க்க வந்தார். இந்த முறை அம்மா எங்கள் வீட்டு மண்சட்டியில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இதை அன்னைக்கே போட்டிருந்தா எனக்கு ஒரு கடுதாசி மிச்சம், உங்களுக்கு ஒரு பஸ்சு சார்ஜ் மிச்சம்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

5

சனிக்கிழமை சுமதியை விட்டுவிட்டு வர இடமில்லை, கூட்டிக்கொண்டு போனோம். மேனேஜர் நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நிலக்கரி குறைவாக இருக்கிறதே, குளிரில் என்ன செய்கிறீர்கள் என்றார். ஒரே அறையில் மூன்று பேரும் இருந்துகொள்வோம் என்றேன். தலையசைத்துக் கொஞ்சம் கூட்டி எழுதினார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. கடைசிக் கட்டத்துக்கு வந்தார். கோட்டைப் பார்த்தார். வேறு நிரந்தரச் செலவு ஒன்றுமே இல்லையா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். "இல்லை" என்றேன்.

"இருக்கே, மம்மி" என்றாள் சுமதி, இங்கிலீஷில், கணீரென்று. "மாசத்துல முதல் வெள்ளிக்கிழமை. தபாலாபீஸ்ல நான்தானே உன்கூட வரிசையில நிப்பேன். கூக்கால் ஆச்சியோட நிலத்துக்கு."

அவள் தமிழ் பேசமாட்டாளே தவிர, நான் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! எனக்கு மறுபடி பதின்மூன்று வயதானது. அன்றைக்கு ஒரு பிள்ளை பொய் சொல்லி நிலம் போகப் பார்த்தது. இன்றைக்கு ஒரு பிள்ளை உண்மையைச் சொல்லி வீடு போகப் போகிறது.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன நிலம் என்று என்னைக் கேட்டார். இனி மறைத்து என்ன பயன்? ஆறு துண்டு நிலத்தை, உறைபனியை, இருபது வருஷத் தவணையை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே ஒரு மார்ட்கேஜ் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். பத்து வருஷமாக அனுப்புகிறேன், அதற்குப் பேரும் அந்தச் சொல்தான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ரசீது உண்டா என்றார்.

இருந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் தவணை கட்டிய ரசீதை என் தம்பி எழுதும் கடிதத்தோடு மடித்து அனுப்பிவிடுவாள். "ஓங் காசு எங்கிட்டுப் போச்சுன்னு நீ கேக்குறாப்புல வைக்கக் கூடாது" என்பாள். அதையெல்லாம் பாஸ்போர்ட் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னதால் டப்பா அப்போது என் மடியில்தான் இருந்தது.

அவருக்குத் தமிழ் தெரியாது. தேதியும் முத்திரையும் தெரிந்தது. ரசீதுகளை மேஜைமேல் வருஷ வரிசையில் பரப்பினார். ஒன்பது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் மூன்றாவதில் நின்றார். உங்கள் மகள் எந்த வருஷம் பிறந்தாள் என்றார். சொன்னேன். "அந்த வருஷமும் கட்டியிருக்கிறதே. யார் சம்பளத்தில்?"

"என் சம்பளத்தில்" என்றேன். "பிரசவத்துக்கு முன்னாலேயே சேர்த்து வைத்து அனுப்பிவிட்டேன்."

அவர் கடைசிக் கட்டத்தில் நான் போட்ட கோட்டை அடித்துவிட்டு, மாதம் நாலு பவுண்டு என்று செலவில் எழுதினார். தாளைத் திருப்பினார். வரவுப் பக்கத்தில் என் பேரை எழுதினார். முழுச் சம்பளம் இல்லை, பாதிதான். தலைமை ஆபீசில் இதற்கே சண்டை போட வேண்டியிருக்கும் என்றார். இந்த வருஷத்து ரசீது எங்கே என்று கேட்டார். பூண்டு விற்ற காசையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள், தபாலில் வந்துகொண்டிருக்கும் என்றேன். அது வரட்டும், வந்ததும் கொண்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சுமதியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "இது யாவாரத்துக்கு ஆகாது. ஒன்ன மாதிரிதான்" என்றார் என்னைப் பார்த்து. பாராட்டா, திட்டா என்று கேட்கவில்லை.

6

பதினெட்டு நாள் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நாள் வந்தது. ரசீதும், தம்பியின் கையெழுத்தில் அம்மாவின் பேச்சும்.

"கட்டியாச்சு. இன்னும் மூணே தவணைதான். வீடு வாங்கப் போறதா எழுதியிருந்த. செலவு கேப்பாங்களே, அந்த ஆபீசருக்கு என்ன சமைச்சுப் போட்ட? ஒண்ணும் போட்டிருக்க மாட்டேன்னு நெனைக்கிறேன். அதான் சரி. ஆனா கடன் குடுத்ததுக்கப்புறம் ஒன் வீட்டுச் சோத்தப் போடு. ஒன் பேரு வெட்டுன பாத்திரத்துல போடு."

நாங்கள் முதலில் பார்த்து வைத்த வீடு கிடைக்கவில்லை. அந்த நாலு பவுண்டுக்காகக் கடன் குறைந்துதான் போயிற்று. ரயில் பாதையை ஒட்டி ஒரு சின்ன வீடு கிடைத்தது. ரயில் போகும்போது தட்டுகள் ஆடும். ஆனால் காலி செய் என்று யாரும் மாடியேறி வர மாட்டார்கள். பின்பக்கத்தில் ஒரு பாத்தி மண் இருக்கிறது. தம்பி கடிதத்தோடு அனுப்பிய நாலு பூண்டுப் பல்லை ஊன்றியிருக்கிறேன், எழும்புமோ என்னவோ.

சாவி வாங்கிய மறுநாள், நான் கப்பலேறும்போது அம்மா என் பேர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் தூக்கில் கோழிக் குழம்பும் அதன் மேல்தட்டில் சோறும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். மேனேஜர் திகைத்துப் போனார். கையெழுத்தெல்லாம் முடிந்துவிட்டது, இனி இது லஞ்சம் ஆகாது என்று விளக்கினேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். காரம் தாங்கினாரோ இல்லையோ, அது அவர் பாடு.

புதன்கிழமை சாயங்காலம் அவரே சைக்கிளில் வந்து தூக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த ஊரில் பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். நான் அதைக் குறையாக நினைப்பதில்லை, அவர்கள் வழக்கம் அது. சுமதி வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே அவர் தோட்டத்து ஆப்பிள் ஆறு இருந்தது.

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். தூக்கின் கழுத்தில் வெட்டியிருந்த என் பேரை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு, நான் எதிர்பார்க்காத தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டாள்: "அம்மா, நாம அவருக்கு என்ன திருப்பிக் குடுக்கணும்?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வீட்டுச் செலவு நோட்டை எடுத்து, உப்புக்கும் புளிக்கும் கீழே சூப்பர்வைசரின் அந்த வரியை எழுதினேன்.